எழுத்துக்கும் ஒரு சொந்த வீடு வேண்டும்

1924-ல் கோலாலம்பூரில் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019 ஜனவரி மாதத்தோடு நின்று போனது. நம் தாத்தா காலத்துப் பத்திரிகை அது. அந்தக் காலத்தில் ஞாயிறு பதிப்பில் ஒருவருடைய கதை வந்துவிட்டால் தோட்டமே அதைப் பற்றிப் பேசும். தோட்டத்துப் பள்ளி ஆசிரியரும் கிராணியும் பால்மரம் வெட்டிய தொழிலாளியும் தாளில் எழுதி, தபால் தலை ஒட்டி அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். வந்தால் அதிர்ஷ்டம். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க வழியில்லை.

இன்று அந்தக் காத்திருப்பு இல்லை. தொழிற்சாலையில் இரவு வேலை செய்யும் பெண் ஓய்வு நேரத்தில் கைப்பேசியில் ஒரு அத்தியாயம் எழுதி வாட்பேடில் ஏற்றுகிறார். லாரி ஓட்டும் தம்பி முகநூலில் தன் தோட்டத்துக் கதையைத் தொடராக எழுதுகிறார். பிரதிலிபியில் எழுதுபவர்கள் உண்டு. கிண்டிலில் மின்னூல் போடுபவர்களும் உண்டு. யாருடைய சிபாரிசும் தேவையில்லை, அச்சகத்துக்கு முன்பணமும் தேவையில்லை.

இதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் ஒரு வழக்கறிஞன் என்ற முறையில் எனக்கு ஒரு கவலையும் உண்டு. நம் முன்னோர்கள் காட்டை அழித்து, மரம் நட்டு, கோயில் கட்டி, மூன்று தலைமுறை ஒரே லயத்தில் வாழ்ந்தார்கள். தோட்டம் கைமாறிய நாளில்தான் அந்த வீடு தங்களுடையது அல்ல என்பது அவர்களுக்கு உறைத்தது. உழைப்பு நம்முடையது, பத்திரம் இன்னொருவருடையது. அந்தக் கதி நம் எழுத்துக்கும் வந்துவிடக் கூடாது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்ல வருகிறேன்.

நாம் எழுதாவிட்டால் யார் எழுதுவார்?

"கதை எழுதிச் சோறு வருமா?" என்று கேட்கும் பெற்றோர்கள் நம்மில் பலர். கேள்வி நியாயமானதுதான். ஆனால் எழுதாமல் விட்டதால் நாம் எதை இழந்தோம் என்பதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

1942-43-ல் ஜப்பானியர்கள் போட்ட சயாம் - பர்மா ரயில் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். எத்தனை பேர் திரும்பி வரவில்லை என்பதற்கு இன்றுவரை மதிப்பீடுகள்தான் உண்டு, பெயர்ப் பட்டியல் இல்லை. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போனால் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகளின் கல்லறைகளை வரிசையாகப் பார்க்கலாம். பெரும்பாலான கல்லில் பெயர் இருக்கிறது, வயது இருக்கிறது. படைக்குப் பெயரேடு இருந்தது, உயிர் தப்பியவர்கள் நாட்குறிப்பும் நினைவு நூலும் எழுதினார்கள். நம் ஆட்களுக்கு அப்படி ஒரு வரிசை அங்கே இல்லை. நமக்கு இருப்பது பாட்டி சொன்ன கதைகளும், ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' போன்ற ஒரு சில நாவல்களும்தான். அவரும் எழுதாமல் இருந்திருந்தால்?

அவ்வளவு தூரம் போக வேண்டாம். தோட்ட வெளியேற்ற வழக்குகளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதுதான். எதிர்த்தரப்பு நிலப் பட்டாவையும் வரைபடத்தையும் கடிதங்களையும் கொண்டுவருகிறது. நம் தரப்பில் ஒரு அம்மா எழுந்து நின்று, "ஐயா, எங்க மாமனார் காலத்துல இருந்து இந்தக் கோயில் இங்கதான் இருக்கு" என்கிறார். எந்த வருஷம் கட்டினார்கள்? தெரியாது. யார் அனுமதி கொடுத்தது? அப்போது இருந்த துரை. அவர் பெயர்? தெரியாது. திருவிழாப் படம் ஏதாவது இருக்கிறதா? வெள்ளத்தில் போய்விட்டது. அந்த அம்மா பொய் சொல்லவில்லை. ஆனால் எழுதி வைத்ததற்கு முன்னால் வெறும் நினைவு தடுமாறுகிறது.

ஒரு கதையோ கட்டுரையோ எழுதிவிட்டால் வழக்கு ஜெயித்துவிடும் என்று நான் சொல்லவில்லை. சாட்சியச் சட்டம் அவ்வளவு சுலபமானது அல்ல. ஆனால் தேதியோடும் இடப்பெயரோடும் எழுதி வைத்த ஒரு பதிவு இருந்தால், எந்தச் சாட்சியைத் தேடுவது, எந்த அலுவலகத்தில் எந்தக் கோப்பைக் கேட்பது என்று எங்களைப் போன்றவர்களுக்கு வழி தெரியும். பெரட்டுக் களம், ஆயாக் கொட்டகை, தண்ணீர்க் குழாய்ச் சண்டை, தீபாவளி முன்பணம் எல்லாம் கதையாக வந்தாலும் போதும். அது வரலாறாக நிற்கும்.

எழுத்து யாருடைய சொத்து?

சட்டம் இங்கே நமக்குச் சாதகமாகவே இருக்கிறது. 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் சொந்தமாக முயன்று எழுதிய ஒன்று எழுத்தில் பதிவான அந்த நேரத்திலேயே அதன் உரிமை உங்களுடையது. பதிவுக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. வக்கீல் தேவையில்லை. பட்டதாரியாக இருக்க வேண்டியதும் இல்லை. பள்ளிக்கூடப் பயிற்சிப் புத்தகத்தில் எழுதினாலும் சரி, கைப்பேசியில் தட்டச்சு செய்தாலும் சரி. அந்த உரிமை நீங்கள் வாழும் காலம் முழுதும் இருக்கும். அதற்குப் பிறகு 50 ஆண்டுகள் உங்கள் வாரிசுகளுக்குப் போகும். லய வீட்டுக்குக் கிடைக்காத வாரிசுரிமை உங்கள் கதைக்கு இருக்கிறது.

இதில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, சட்டம் காப்பது எழுதிய எழுத்தை. கருவை அல்ல. தோட்டத்தில் அண்ணன் தம்பி சண்டை என்ற கருவை யார் வேண்டுமானாலும் எடுத்து எழுதலாம். நீங்கள் எழுதிய பத்திகளை எடுத்து இன்னொருவர் தன் பெயரில் போட முடியாது.

இரண்டாவது, உங்கள் பெயர். பதிப்புரிமையை நீங்கள் விற்றுவிட்டாலும் கூட, இது நான் எழுதியது என்று சொல்லும் உரிமையும், உங்கள் எழுத்தை உங்கள் மானம் கெடும்படி சிதைக்கக் கூடாது என்று சொல்லும் உரிமையும் 25-வது பிரிவில் தனியாக இருக்கின்றன. வாட்ஸ்அப்பில் பெயரை வெட்டிவிட்டுக் கவிதையைச் சுற்றுக்கு விடுபவர்கள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அது வெறும் மரியாதைக் குறைவு அல்ல, உரிமை மீறல்.

மூன்றாவது, திருடப்பட்டால் வழி இருக்கிறது. 2012-ல் சேர்க்கப்பட்ட 43எச் பிரிவின்படி, உங்கள் எழுத்தை அனுமதியில்லாமல் இணையத்தில் வைத்திருந்தால் சேவை நிறுவனத்துக்கு முறைப்படி அறிவிப்புக் கொடுக்கலாம். அறிவிப்புக் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் அதை நீக்கவோ மறைக்கவோ வேண்டும். வெளிநாட்டு நிறுவனங்களும் பொதுவாகப் புகார்ப் படிவம் வைத்திருக்கின்றன. இது என் எழுத்துதான் என்று நிரூபிக்க, எழுத்தின் பிரதியை இணைத்து சத்தியப் பிரமாண ஆணையர் முன் ஒரு சட்டபூர்வ பிரகடனம் செய்துகொள்ளலாம். மறுதரப்பு தவறென்று காட்டும்வரை நீதிமன்றம் அதை ஏற்கும். நீளமான நாவல் என்றால் மைஐபிஓ எனப்படும் அறிவுசார் சொத்துக் கழகத்தில் தாமாக முன்வந்து பதிந்துகொள்ளும் ஏற்பாடும் உண்டு. கட்டாயமில்லை. ஆனால் செய்து வைப்பது நல்லது.

கையெழுத்துப் போடும் முன்

நம் மக்கள் உரிமையை இழப்பது பெரும்பாலும் திருட்டால் அல்ல, கையெழுத்தால்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சகோதரி என்னைப் பார்க்க வந்தார். அலுவலகக் கட்டடங்களில் துப்புரவு வேலை. இரண்டு ஆண்டுகளாக இணையத்தில் தொடர்கதை எழுதி நல்ல வாசகர்களைப் பெற்றிருந்தார். ஒருவர் தொடர்புகொண்டு, "அக்கா, இதைப் புத்தகமாப் போடுறோம், நீங்க ஒரு காசும் போட வேண்டாம்" என்று சொல்லி, ஆங்கிலத்தில் இரண்டு பக்கத் தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறார். புத்தகமும் வந்தது. கையில் பத்துப் பிரதிகள் கொடுத்தார்கள். அதே கதையைக் குறும்படமாக எடுக்க ஒரு இளைஞர் கேட்டபோதுதான் சிக்கல் தெரிந்தது. எல்லா மொழியிலும், எல்லா வடிவத்திலும், உரிமை இருக்கும் காலம் முழுதும் அந்தக் கதை இனி அவருடையது இல்லை என்று அந்தத் தாளில் இருந்தது. "தம்பி, நான் எழுதினதுக்கு நானே போய் அனுமதி கேக்கணுமா?" என்று அவர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

பதிப்புரிமையை வாய்ச்சொல்லால் மாற்ற முடியாது. எழுத்தில் இருந்தால்தான் செல்லும் என்று 27-வது பிரிவு சொல்கிறது. இது நமக்குப் பாதுகாப்பு. ஆனால் படிக்காமல் கையெழுத்துப் போட்டால் அதே பாதுகாப்பு நமக்கு எதிராகத் திரும்பும். ஆகவே, தாளை நீட்டினால் நான்கு கேள்வி கேளுங்கள். இது அனுமதியா, முழு உரிமை மாற்றமா? எத்தனை ஆண்டுக்கு? எந்த வடிவத்துக்கு, அச்சுக்கு மட்டுமா, நாடகம், படம், மொழிபெயர்ப்பு எல்லாவற்றுக்குமா? எவ்வளவு பணம், எப்போது? பதில் தெரியாமல் கையெழுத்து வேண்டாம். "நாளைக்கு வாங்க" என்று சொல்வதில் வெட்கம் எதுவும் இல்லை. இன்னொன்று: யாராவது காசு கொடுத்து எழுதச் சொன்னாலோ, சம்பளத்துக்கு எழுதினாலோ, வேறு ஒப்பந்தம் இல்லாத வரை உரிமை பணம் கொடுத்தவருக்குப் போய்விடும். அதையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

இணையத்தில் நாம் அழுத்தும் 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற பொத்தானும் ஒப்பந்தம்தான். பெரும்பாலான தளங்கள் பதிப்புரிமையை எழுத்தாளரிடமே விட்டுவிடுகின்றன. ஆனால் உங்கள் எழுத்தைப் பிரதி எடுக்க, காட்ட, பரப்ப உலகம் முழுதுக்குமான அனுமதியை வாங்கிக்கொள்கின்றன. சில திட்டங்களில் கூடுதல் கட்டுப்பாடு உண்டு. உதாரணத்துக்கு, கிண்டிலில் 'செலக்ட்' திட்டத்தில் சேர்ந்தால் 90 நாட்களுக்கு அந்த மின்னூலை வேறு எங்கும், உங்கள் சொந்த வலைப்பதிவில் இலவசமாகக் கூட, கொடுக்கக் கூடாது. தெரிந்து சேர்ந்தால் தவறில்லை. தெரியாமல் சேர்ந்துவிட்டு நண்பர்களுக்கு அனுப்பினால் சிக்கல்.

இணையத் தளமும் லய வீடுதான்

வாடகை இல்லை, தண்ணீர் மின்சாரம் இலவசம் என்று லய வீட்டில் இருந்தோம். இலவச இணையத் தளமும் அப்படித்தான். முதலாளி இருக்கச் சொல்லும் வரை இருக்கலாம்.

2009 அக்டோபரில் யாஹூ நிறுவனம் ஜியோசிட்டீஸ் சேவையை மூடியது. அதில் சாதாரண மக்கள் உலகம் முழுதும் அமைத்திருந்த இலவசப் பக்கங்கள் போயின. யாஹூ குழுமங்கள் 2020 டிசம்பரில் முற்றாக மூடப்பட்டன. 2000-களில் தமிழர்கள் கதை, கவிதை, விவாதம் என்று எத்தனை நடத்தினார்கள் அங்கே! பிரதி எடுத்து வைக்காதவர்களுக்கு இன்று ஒன்றும் மிஞ்சவில்லை. தளம் மூடாவிட்டாலும் கடவுச்சொல் மறந்து போகும், கணக்கு முடக்கப்படும், கைப்பேசி கடலில் விழும். எழுத்துருச் சிக்கல் வேறு. ஒருங்குறி பரவுவதற்கு முன் பழைய எழுத்துருக்களில் எழுதியதைத் திறந்தால் இன்று குப்பையாகத் தெரிகிறது. தமிழைக் கணினிக்கும் கைப்பேசிக்கும் கொண்டுவந்ததில் நம் நாட்டு முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலுக்கும் செல்லினத்துக்கும் பெரிய பங்கு உண்டு. கருவி நம்மிடமே பிறந்திருக்கிறது. சேமிப்புப் பழக்கம்தான் பிறக்கவில்லை.

செய்ய வேண்டியது கடினமான வேலை அல்ல. எழுதுவதைத் தளத்தில் நேரடியாக எழுதாமல் முதலில் உங்கள் கைப்பேசியிலோ கணினியிலோ எழுதுங்கள். ஒரு பிரதியை மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்புங்கள். அதில் தேதியும் தானாகப் பதிவாகிவிடும். மாதம் ஒருமுறை விரலியில் இறக்கி வையுங்கள். முக்கியமானதைத் தாளில் அச்செடுத்து பிறப்புச் சான்றிதழ் வைக்கும் கோப்பில் வையுங்கள். கதை முடிந்து நூலாக்கினால் தேசிய நூலகத்தில் ஐ.எஸ்.பி.என். எண் வாங்கி, சட்டப்படி அங்கே பிரதிகளை ஒப்படையுங்கள். பல தலைமுறை கழித்து யாராவது தேடினாலும் நம் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கும்.

சட்டத்தின் மறுபக்கம்

எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு ஆபத்தைச் சொல்லாமல் விடுவது சரியல்ல.

அச்சு நூலுக்கு 1984-ஆம் ஆண்டு அச்சகங்கள், வெளியீடுகள் சட்டம் இருக்கிறது. 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு நம் நாட்டு எழுத்தாளர் ம. நவீனின் 'பேய்ச்சி' தமிழ் நாவலைத் தடை செய்ததாக அறிவித்தது இந்தச் சட்டத்தின் கீழ்தான். தடை செய்யப்பட்ட நூலை அச்சிட்டாலோ விற்றாலோ மூன்றாண்டுச் சிறை அல்லது 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். தகுந்த காரணமின்றி வைத்திருந்தாலே 5,000 வெள்ளி வரை அபராதம். ஒரு நாவல் பிடிக்கவில்லையென்றால் விமர்சிக்கலாம், வாங்காமல் இருக்கலாம். அதைத் தடை செய்யச் சொல்லி நம்மவர்களே மனுக் கொடுக்கும் பழக்கம் ஆபத்தானது என்பது என் கருத்து. அந்தக் கத்தி நாளை நம் தோட்டக் கதைமீதும் பாயும்.

இணையத்துக்குத் தொடர்பு, பல்லூடகச் சட்டம் 1998 இருக்கிறது. அதன் 3-வது பிரிவு, இந்தச் சட்டம் இணையத் தணிக்கைக்கு இடம் தருவதாகப் பொருள் கொள்ளக் கூடாது என்கிறது. அதே சட்டத்தின் 233-வது பிரிவுதான் இணையத்தில் எழுதுபவர்கள்மீது திரும்பத் திரும்பப் பாய்கிறது. 50,000 வெள்ளியாக இருந்த அபராத வரம்பு 2025 பிப்ரவரியில் 500,000 வெள்ளியாக உயர்ந்தது. சிறைத் தண்டனை இரண்டு ஆண்டு வரை. நிந்தனைச் சட்டம் 1948 இன்னும் சட்டப் புத்தகத்தில்தான் இருக்கிறது.

குடும்பங்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது சாட்சியச் சட்டத்தின் 114ஏ பிரிவு. 2012 ஜூலை முதல் நடப்பில் உள்ளது. ஒரு பதிவில் யாருடைய பெயரோ படமோ புனைபெயரோ வெளியிட்டவர் போலக் காணப்படுகிறதோ, அவரே வெளியிட்டார் என்று அனுமானம். வீட்டு இணைய இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர்மீதும் அனுமானம். இல்லையென்று நிரூபிப்பது அவர் பொறுப்பு. மகன் ஏதோ ஒரு பெயரில் எழுதினால், மாதாமாதம் பில் கட்டும் அப்பாவின் வீட்டுக் கதவைத் தட்டலாம் என்று பொருள். இது அநியாயமான பிரிவு. குற்றத்தை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும் என்ற அடிப்படை நியாயத்தைத் தலைகீழாக்குகிறது. நீக்கப்பட வேண்டும். நீக்கப்படும் வரை நாம் கவனமாக இருக்க வேண்டும்.

அதற்காக பயந்து பேனாவை மூடி வைக்கச் சொல்லவில்லை. இந்தச் சட்டங்களோடு எழுதக் கற்க வேண்டும், அவ்வளவுதான். மதம், இனம், ஆட்சியாளர்கள் பற்றி எழுதும்போது கோபத்தில் எழுதியதை இரவு முழுதும் வைத்திருந்து காலையில் படித்துப் பாருங்கள். ஒரு மேனேஜரைப் பற்றியோ கோயில் தலைவரைப் பற்றியோ குற்றம் சொன்னால் கையில் ஆதாரம் இருக்கட்டும். உண்மை என்பது அவதூறு வழக்கில் நல்ல தற்காப்பு. ஆனால் அதை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்தான். 'இது கற்பனைக் கதை' என்று மேலே போட்டு, பெயரை மட்டும் மாற்றினால் போதாது. ஊர், பதவி, குடும்பம் ஆகியவற்றைப் படித்தவுடன் யார் என்று ஊருக்கே தெரிந்தால் வழக்குப் போடலாம். 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் எழுதினால் திட்டாதீர்கள். எந்தத் தளத்தில், எந்தப் பெயரில் என்று தெரிந்துகொள்ளுங்கள். பள்ளியின் பெயரும் வீட்டு முகவரியும் வெளியே போகாமல் பாருங்கள்.

நாம் சேர்ந்து செய்ய வேண்டியது

இதையெல்லாம் ஒரு துப்புரவுத் தொழிலாளியோ லாரி ஓட்டுநரோ தனியாகச் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. கோயில் மண்டபங்களில் கல்யாணத்துக்கும் கருமக்கிரியைக்கும் இடம் இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் எழுதுபவர்களுக்காக ஒதுக்கினால் என்ன? கணினி தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். தட்டச்சு செய்யத் தெரியாத தாத்தா சொல்லச் சொல்லப் பேரன் பதிவு செய்யட்டும். சொன்னது தாத்தா, எழுதியது பேரன் என்று இருவர் பெயரையும் போடட்டும். இயக்கத்தின் கிளைகளில் இருக்கும் சட்டம் படித்தவர்கள், ஒப்பந்தத் தாளைக் கொண்டுவருபவருக்கு அரை மணி நேரம் ஒதுக்கிப் படித்துச் சொல்லட்டும். இதற்கு மானியம் தேவையில்லை, மந்திரி வந்து திறந்து வைக்கவும் தேவையில்லை.

பால்மரத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தலைமுறை குறைந்துகொண்டே வருகிறது. ஒட்டுமரம் எது, மண்டோர் எப்படி ஆள் கணக்கெடுத்தார், தோட்டம் துண்டாடப்பட்டபோது யார் யார் எந்த ஊருக்குப் போனார்கள் என்று சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே எழுதுவோம். எழுதியதை நம் பெயரில் வைத்திருப்போம். நிலத்துக்குப் பத்திரம் கேட்டு இன்னும் நீதிமன்ற வாசலில் நிற்கிறோம். எழுத்துக்கு நம் உரிமையைச் சட்டம் ஏற்கெனவே கொடுத்திருக்கிறது. தொலைத்துவிடாதீர்கள்.